மென்மை எங்கே போயிற்று?

எங்கள் வீட்டு விறாந்தையிலே பழைய மேசையொன்று கிடக்கின்றது. ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், சந்தைக்குப் போன இடத்தில், பூவேலைப்பாடு பொருந்திய பிளாஸ்டிக் விரிப்பொன்றை வாங்கி வந்து அதன்மேல் விரித்தோம். விரித்த நாளில் அது பட்டுப்போல மடிந்தது; மேசையின் விளிம்பிலே நீர்போல வழிந்து தொங்கியது. ஆண்டுகள் சென்றன. இன்று அதனை மடிக்க முயன்றால் காய்ந்த வாழைச் சருகுபோல ஓசை எழுப்புகின்றது. மடித்த இடத்தில் வெடிக்கின்றது. நிறம் அவ்வளவாக மாறவில்லை; பூக்கள் அப்படியே இருக்கின்றன. போனது ஒன்றே ஒன்றுதான்: அதன் மென்மை.

இச்சிறு நிகழ்ச்சியைக் காணாத வீடு இல்லை எனலாம். ஆயினும், கண்டதோடு நில்லாமல், 'அந்த மென்மை எங்கே போயிற்று?' என்று கேட்டோர் சிலரே. பொருள் அழிவதில்லை என்பது பள்ளிக்கூடத்திலே நாம் படித்த பாடம். அப்படியாயின், விரிப்பைவிட்டு நீங்கிய பொருள் எங்கேனும் இருத்தல் வேண்டுமன்றோ? காற்றிலே கலந்ததா? துடைத்த துணியோடு சென்றதா? மேசைமீது வைத்த எண்ணெய்ப் பலகாரத்தில் ஏறியதா? மேசையருகே தவழ்ந்த குழந்தையின் கையிலும் வாயிலும் சென்றதா?

இவ்வினாவுக்கு விடை காணப் புகுந்தோரின் கதை சுவையானது. சிறிது அச்சந் தருவதுமாகும். அக்கதை ஆமணக்கிலும் கற்பூரத்திலும் தொடங்கி, நிலக்கரித் தாரின் வழியாகவும் பெற்றோலியத்தின் வழியாகவும் நெடுந்தூரம் சென்று, மீண்டும் தாவர எண்ணெயிடம் திரும்பி வந்து நிற்கின்றது.

கல்லைக் கனியாக்கும் கலை

மேசை விரிப்பு, மின்கம்பியின் உறை, மழைச்சட்டை, நீர்க்குழாய், வைத்தியசாலையிலே குருதி சேமிக்கும் பை ஆகிய யாவும் பெரும்பாலும் ஒரே மூலப்பொருளின் பல வடிவங்கள். அம்மூலப்பொருள் பொலிவைனைல் குளோரைட்டு, சுருக்கமாகப் பி.வி.சி. என்பர். இதன் நிறையில் நூற்றுக்கு 57 பங்கு குளோரீன் ஆகும். எஞ்சியவை காபனும் ஐதரசனுமே. இயல்பிலே இது கடினமான பொருள். வீட்டுக் கிணற்றிலிருந்து நீர் கொண்டுவரும் குழாயைத் தட்டிப் பார்த்தால் அதன் இயல்பு விளங்கும். அக்குழாயும் அந்த மெல்லிய விரிப்பும் ஓரினம் என்றால் நம்புவதற்கு அரிதாகத்தான் இருக்கும்.

ஆயின், கல்லைக் கனியாக்குவது எது? பி.வி.சி.யின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். அவற்றிலுள்ள குளோரீன் அணுக்களின் காரணமாக ஒரு சங்கிலி மற்றொன்றை இறுகப் பற்றிக்கொள்கின்றது. சங்கிலிகள் வழுக்கி அசைய இடமில்லை. ஆகவே பொருள் விறைத்து நிற்கின்றது. இச்சங்கிலிகளுக்கு இடையே எளிதில் ஆவியாகாத எண்ணெய் போன்ற ஒரு திரவம் புகுந்தால், அவற்றின் பிடி தளர்கின்றது, சங்கிலிகள் ஒன்றையொன்று தாண்டி அசையத் தொடங்குகின்றன, விறைப்பு நீங்குகின்றது. இவ்வாறு புகும் திரவத்தை 'இளக்கி' என்று இங்கே குறிப்போம். குருதிப் பையொன்றின் நிறையில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்குவரை இளக்கியாகவே இருக்கும். மூன்றில் ஒரு பங்கு பிளாஸ்டிக் அன்று, எண்ணெய் என்றே சொல்லிவிடலாம்.

புகையிலைச் செய்கையை அறிந்த யாழ்ப்பாணத்தாருக்கு இதனை விளக்குதல் எளிது. நன்றாகக் காய்ந்த புகையிலையை உச்சி வெயிலிலே தொட்டால் நொறுங்கிவிடும். அதே இலை, ஈரத்தை வாங்கியபின், சுருட்டுச் சுற்றுவோன் கையிலே வளைந்து கொடுக்கும். மீண்டும் உலர்ந்தால் மீண்டும் நொறுங்கும். ஈரம் இலையோடு பிணைக்கப்படவில்லை. வந்து தங்கியிருந்தது, போய்விட்டது. பிளாஸ்டிக்கிலுள்ள இளக்கியும் அத்தகையதே. அது சங்கிலிகளோடு இரசாயனப் பிணைப்பாற் கட்டுண்டதன்று; இடையிலே தங்கியிருக்கும் விருந்தாளி மட்டுமே. வெப்பம் அதனை வெளியேற்றும். எண்ணெயும் கொழுப்பும் அதனைக் கவர்ந்திழுக்கும். காலம் அதனைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். எங்கள் விரிப்பின் மென்மை போன கதை இதுதான்.

முதல் இளக்கியைத் தந்தது செடியே

தாவர எண்ணெயாற் பிளாஸ்டிக்கை இளக்குதல் நம் காலத்துப் புதுமை என்று எண்ணுவோர் பலர். வரலாறு வேறுவிதமாகக் கூறுகின்றது. 1862ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற சர்வதேசக் கண்காட்சியிலே, பேர்மிங்காம் நகரத்து அலெக்சாந்தர் பாக்சு என்பவர் தாம் ஆக்கிய புதுப் பொருளொன்றைக் காட்சிக்கு வைத்தார். 'பாக்சீன்' எனப் பெயர் பெற்ற அப்பொருளே மனிதர் ஆக்கிய பிளாஸ்டிக்குகளுள் முன்னோடியாக எண்ணப்படுவது. பருத்தி போன்றவற்றின் செலுலோசை நைத்திரிக்கமிலத்தாற் பதப்படுத்திப் பெற்ற அப்பொருளை வளையச் செய்வதற்குப் பாக்சு கலந்தவற்றுள் ஆமணக்கெண்ணெயும் ஒன்று; கற்பூரமும் ஒன்று. அவருடைய வாணிகம் நிலைக்கவில்லை. 1866இலே தொடங்கிய கம்பனி 1868இலேயே மூடப்பட்டது. ஆக்கிய பொருட்கள் கோணின, வெடித்தன. ஆயினும் அவர் காட்டிய வழி அழியவில்லை.

அமெரிக்காவிலே ஜோன் வெசிலி ஹயற் என்பார் அவ்வழியைச் செம்மை செய்தார். நைத்திரோசெலுலோசையும் கற்பூரத்தையும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒன்றாக்கும் முறைக்கு 1870ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். அதுவே செலுலோயிட்டு. சீப்பு முதல் சினிமாப் படச்சுருள் வரை அதிலே எத்தனையோ பொருட்கள் பிறந்தன. கோயிலிலே ஏற்றும் கற்பூரத்துக்கும் சினிமாப் படச்சுருளுக்கும் இத்தகைய உறவு உண்டென்பதை அன்று எத்தனை பேர் அறிந்திருப்பர்? அக்கற்பூரமோ கற்பூரமரத்தின் கட்டையைக் காய்ச்சி வடித்துப் பெற்றது. போமோசாத் தீவு, அதாவது இன்றைய தைவான், கற்பூரத்தின் பெரும் பிறப்பிடம். 1895இலே அத்தீவைக் கைப்பற்றிய யப்பான் 1899இலே கற்பூர வாணிகத்தை அரசின் தனியுரிமையாக்கியது. ஒரு தீவின் மரத்தை நம்பி ஒரு கைத்தொழில் முழுவதும் நிற்பது எவ்வளவு ஆபத்தென்பதை மேனாட்டார் அப்பொழுது உணர்ந்தனர். கற்பூரத்துக்கு மாற்றுத் தேடினர். அந்தத் தேடலே நிலக்கரித் தாரிலிருந்து பெறும் தாலேற்றுகளுக்கு வாசலைத் திறந்தது.

தாலேற்றின் ஆட்சி

1920களில் தாலேற்றுகள் இளக்கிகளாகப் பயன்படத் தொடங்கின. 1926ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் அக்ரன் நகரில், பி. எவ். குட்றிச் கம்பனியின் இரசாயன அறிஞர் வால்டோ செமன், இறப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசையொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். பயனற்றதென்று கருதப்பட்ட பி.வி.சி.யை, எளிதில் கொதித்து ஆவியாகாத திரவங்களிலே சூடாக்கிப் பார்த்தார். பசை கிடைக்கவில்லை, அதற்குப் பதிலாக இறப்பர்போல் வளையும், துள்ளும், நீர் புகாத ஒரு பொருள் கிடைத்தது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. ஆனால் கிடைத்தது தேடியதிலும் பெரிது. மென்மையான பி.வி.சி. அவ்வாறு பிறந்தது.

தொடர்ந்து வந்த ஆண்டுகளிலே தாலேற்றுகளின் குடும்பத்தில் ஒன்று அரியணை ஏறியது. டை-எதைல்எக்சைல் தாலேற்று என்பது அதன் முழுப்பெயர், டி.ஈ.எச்.பி. என்பது சுருக்கம். விலை மலிவு, நிறமின்மை, பி.வி.சி.யோடு நன்கு கலக்கும் தன்மை ஆகிய எல்லாம் அதற்கு வாய்த்திருந்தன. 1950ஆம் ஆண்டளவிலே கால் வால்டர், வில்லியம் மேர்பி என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் கண்ணாடிப் போத்தலுக்குப் பதிலாகக் குருதிக்குப் பிளாஸ்டிக் பையை ஆக்கினர். போத்தல் உடையும், பை உடையாது. கொரியப் போர்க்களத்திலே அதன் சிறப்பு விளங்கிற்று. எண்ணற்ற உயிர்களைக் காத்த பொருள் அது. இதனை மறந்துவிட்டுத் தாலேற்றை நிந்திப்பது நேர்மையாகாது.

குருதியிலே கண்ட உண்மை

1970ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஜோன்சு கொப்கின்சு பல்கலைக்கழகத்திலே ருடோல்ப் யேகர், றொபேட் ரூபின் என்னும் இருவர் பிளாஸ்டிக் கருவிகளின் வழியே குருதியைச் செலுத்தி ஆய்வு நடத்தினர். தாம் சேர்க்காத ஒரு பொருள் அதிலே கலந்திருப்பதைக் கண்டனர். அப்பொருள் பிளாஸ்டிக்கை இளக்கிய தாலேற்றே. பைகளிலே சேமித்து வைத்த மனிதக் குருதியிலும் அது இருந்தது. குருதியேற்றப் பெற்றிருந்தோரின் உடலுறுப்புகளிலும் இருந்தது. மென்மை எங்கே போயிற்று என்னும் வினாவுக்கு முதன்முறையாகத் தெளிவான விடை கிடைத்தது. அது நம்முள்ளே வந்துவிட்டது.

வந்தது என்ன செய்யும்? கருவுற்ற எலிகளுக்கு டி.ஈ.எச்.பி. போன்ற சில தாலேற்றுகளை மிகுதியாகக் கொடுத்தபோது, கருவிலுள்ள ஆண் குட்டிகளில் ஆண்மை ஓமோன் சுரப்பது குன்றியது. இனப்பெருக்க உறுப்புகள் குறையோடு வளர்ந்தன. இது பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் கண்ட உண்மை. மனிதரிடத்திலே எந்த அளவு எத்தகைய தீங்கை விளைக்கும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் ஓரிடத்தில் எல்லோருடைய கவலையும் ஒன்றுகூடியது. குறைமாதத்திலே பிறந்து, வைத்தியசாலைத் தொட்டிலிலே, ஒரே வேளையில் பல பிளாஸ்டிக் குழாய்களால் உயிர் பிடித்துக் கிடக்கும் சிசுவே அவ்விடம். அதன் உடல் நிறையோ மிகச் சிறிது. அதன் உடலிற் சேரும் இளக்கியோ, நிறைக்கு ஒப்பிடும்போது, வளர்ந்தவர் பெறுவதிலும் பன்மடங்கு. 2002ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், ஆண் சிசுக்களுக்கும் ஆண் குழந்தையைக் கருவுற்றிருக்கும் தாய்மாருக்கும் சிகிச்சை செய்யும்போது, இயன்றவிடத்து இந்த இளக்கி இல்லாத கருவிகளைப் பயன்படுத்துமாறு மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது.

விளையாட்டுப் பொருட்களின் விடயத்திலே சட்டம் மேலும் கடுமையாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 1999இலே தற்காலிகத் தடை விதித்து, 2005இலே அதனை நிரந்தரமாக்கியது. டி.ஈ.எச்.பி. உள்ளிட்ட மூன்று தாலேற்றுகள் எந்த விளையாட்டுப் பொருளிலும் நிறையில் நூற்றுக்கு 0.1 பங்கைத் தாண்டலாகாது. வேறு மூன்று, குழந்தை வாயில் வைக்கக்கூடியவற்றிலே அவ்வளவைத் தாண்டலாகாது என்பது அச்சட்டம். 2008இலே அமெரிக்காவும் அத்தகைய சட்டத்தை இயற்றியது. பற்கள் முளைக்கும் பருவத்துக் குழந்தை கையிற் கிடைத்ததை வாயில் வைத்துச் சப்பும். அக்குழந்தைக்கு இளக்கியைப்பற்றி யார் எடுத்துரைப்பார்?

இரட்டைப் பிணைப்பின் வரம்

இங்கேதான் தாவர எண்ணெய் மீண்டும் அரங்கிலே தோன்றுகின்றது. உண்மையில் அது அரங்கைவிட்டு முற்றாக நீங்கியதே இல்லை. 1938ஆம் ஆண்டின் சட்டமொன்றின்படி, விளைபொருட்களுக்குப் புதுப் பயன்களைக் காண்பதற்கென, அமெரிக்க விவசாயத் திணைக்களம் நான்கு ஆய்வுகூடங்களை நிறுவியது. அவற்றுள் பிலடெல்பியா நகரருகே அமைந்த கிழக்குப் பிராந்திய ஆய்வுகூடத்திலே, 1940களின் நடுப்பகுதியில், டானியல் சுவேர்ண் என்பாரும் அவருடைய துணைவரும் எண்ணெய்களின்மீது ஒட்சிசனை ஏற்றும் முறையொன்றை வகுத்தனர். அம்முறையைச் சிறிது விளக்குவோம்.

எண்ணெய் என்பது கிளிசரோலோடு மூன்று கொழுப்பமிலங்கள் சேர்ந்த எசுத்தர். அக்கொழுப்பமிலச் சங்கிலிகள் சிலவற்றிலே காபன் அணுக்களுக்கிடையில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு, அவை நிரம்பாதவை. சிலவற்றில் அவை இல்லை, அவை நிரம்பியவை. எண்ணெயொன்றில் இரட்டைப் பிணைப்பு எவ்வளவு உண்டென்பதை அயடீன் பெறுமானத்தால் அளப்பர். எமது தேங்காயெண்ணெயின் பெறுமானம் 10ஐக்கூட அரிதாகவே தாண்டும். நல்லெண்ணெயினது ஏறத்தாழ 110. சோயா எண்ணெயினது ஏறத்தாழ 130. ஆளிவிதை எண்ணெயினது 170க்கும் மேல். தேங்காயெண்ணெய் குளிரிலே உறைவதும், ஆளிவிதை எண்ணெய் காற்றிலே காய்ந்து படலமாவதும் இவ்வேறுபாட்டின் விளைவே.

சோயா எண்ணெயை ஐதரசன் பரவொட்சைட்டோடும் அசற்றிக்கமிலம் அல்லது போமிக்கமிலத்தோடும் சேர்த்து, இளஞ்சூட்டிலே கவனமாகக் கலக்கினால், ஒவ்வோர் இரட்டைப் பிணைப்பிலும் ஓர் ஒட்சிசன் அணு வந்து அமர்கின்றது. இரு காபனும் ஓர் ஒட்சிசனும் சேர்ந்து முக்கோண வளையமாகின்றன. இதனை எப்பொட்சி வளையம் என்பர். இவ்வளையங்கள் ஏறிய சோயா எண்ணெய், மாறாத எண்ணெயைப்போலப் பி.வி.சி.யைவிட்டு ஒதுங்கி நில்லாமல், அதனோடு கலக்கும் தன்மை பெறுகின்றது. தேங்காயெண்ணெயை இவ்வழியில் மாற்றமுடியாதது ஏன் என்பதும் இப்பொழுது விளங்கும்: ஒட்சிசன் ஏறி அமர அதிலே ஆசனமே இல்லை.

இவ்வெண்ணெய் இளக்குவதோடு நிற்பதில்லை; காக்கவும் செய்கின்றது. பி.வி.சி.யைப் பொருளாக வார்ப்பதற்கு 160 முதல் 200 பாகை செல்சியசு வரை சூடாக்க வேண்டும். அதற்குக் குறைந்த சூட்டிலேயே அது ஐதரசன் குளோரைட்டை வெளியிடத் தொடங்கிவிடும். வெளிவந்த அவ்வமில வாயு சும்மா இராது. அடுத்த அழிவைத் தூண்டிவிடும். ஒரு பொத்தான் கழன்றால் அடுத்ததும் கழலும் பழஞ்சட்டைபோல, சங்கிலி நெடுகிலும் அழிவு பரவும். பொருள் மஞ்சளாகி, கபிலமாகி, கருமையாகும். இதனைத் தடுக்கச் சேர்ப்பதை 'நிலைநிறுத்தி' எனலாம். நெடுங்காலம் அப்பணிக்கு ஈயத்தின் உப்புகளே பயன்பட்டன. ஈயத்தின் நச்சுத்தன்மையோ யாவரும் அறிந்தது. ஐரோப்பிய பி.வி.சி. உற்பத்தியாளர் தாமாக ஏற்றுக்கொண்ட உறுதியின்படி 2015ஆம் ஆண்டின் இறுதியோடு ஈய நிலைநிறுத்திகளைக் கைவிட்டனர். எப்பொட்சி எண்ணெயின் முக்கோண வளையமோ, வெளிவரும் ஐதரசன் குளோரைட்டைத் தானே பற்றிக்கொண்டு திறக்கின்றது. தன்னை இழந்து சங்கிலியைக் காக்கின்றது. கல்சியம், நாகம் ஆகியவற்றின் சவர்க்காரங்களோடு சேரும்போது அதன் காவல் இன்னும் வலுப்பெறுகின்றது. அச்சவர்க்காரங்களுக்கு வேண்டிய கொழுப்பமிலமும் விலங்குக் கொழுப்பிலிருந்தோ தாவர எண்ணெயிலிருந்தோ வருவதுதான்.

ஆமணக்கு முத்து

'ஆமணக்கு முத்து ஆணிமுத்தாகுமா?' என்று ஒரு பழமொழி நம்மிடையே உண்டு. இரசாயன அறிஞரைக் கேட்டால், 'ஆகலாம்' என்பர். ஆமணக்கெண்ணெயின் கொழுப்பமிலத்தில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் இரிசினோலெயிக்கமிலம் என்னும் ஒன்றே. பிற எண்ணெய்களில் அரிதான ஓர் அமைப்பு அதிலே உண்டு: 18 காபன் கொண்ட சங்கிலியில், 12ஆவது காபனிலே ஓர் ஐதரொட்சில் கூட்டம் தொங்குகின்றது. அது, வேண்டியதை மாட்டிவைக்கச் செடியே அடித்துத் தந்த ஆணி எனலாம்.

டென்மார்க்கின் டனிஸ்கோ கம்பனியார் அந்த ஆணியைப் பயன்படுத்தினர். ஆமணக்கெண்ணெயை ஐதரசனால் முற்றாக நிரப்பி, கிளிசரோலோடு வினைபுரியச் செய்து, பின்னர் வினாகிரியின் அமிலத்துக்கு இனமான அசற்றைல் கூட்டங்களை அதிலே ஏற்றினர். கிடைத்த திரவம் பி.வி.சி.யோடு தனியாகவே நன்கு கலக்கின்றது. தாலேற்றின் இடத்திலே முழு இளக்கியாக நிற்கக்கூடியது. உணவோடு தொடும் பிளாஸ்டிக்கிலும் அதனைப் பயன்படுத்த ஐரோப்பாவிலே அனுமதி உண்டு. அதன் குறை விலைதான். உலகின் ஆமணக்கிற் பெரும்பங்கு இந்தியாவிலே, சிறப்பாகக் குஜராத்திலே விளைகின்றது. அங்கே மழை பொய்த்தால் விலை ஏறும். கற்பூரத்தின் பழைய பாடம் இங்கும் நினைவுக்கு வருகின்றது. ஆயினும், 1862இலே பாக்சு தொட்ட அதே எண்ணெய், ஒன்றரை நூற்றாண்டு கழித்துப் புத்தாடை புனைந்து வந்து நிற்பது வியப்பன்றோ?

தாவரம் என்னும் முத்திரை போதுமா?

இவ்வளவிலே கட்டுரையை நிறுத்தினால் வாசகர் மகிழ்வர். ஆனால் உண்மை முழுமை பெறாது. தாவரத்திலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடுமா? எட்டியும் தாவரந்தானே! ஆமணக்கின் விதையிலேயே இரிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு; அஃது எண்ணெயிலே இறங்குவதில்லை என்பதே நமது நற்பேறு.

எப்பொட்சி ஏறிய சோயா எண்ணெயும் பிளாஸ்டிக்கோடு கட்டுண்டதன்று, அதுவும் விருந்தாளிதான். அதன் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 1000, டி.ஈ.எச்.பி.யினது 390. பருத்த உடம்பினன் கூட்டத்தினூடே மெல்ல நகர்வதுபோல, அதுவும் மெல்லவே வெளியேறுகின்றது. ஆனால் வெளியேறுகின்றது. அளவு கூடினால் மேற்பரப்பிலே கசிந்து பிசுபிசுக்கும். ஆதலால் அதனைத் தனி இளக்கியாக அன்றித் துணை இளக்கியாகவே பெரிதும் சேர்ப்பர். கண்ணாடிச் சாடிகளின் உலோக மூடியின் உட்புறத்திலே மெல்லிய பிளாஸ்டிக் வளையம் ஒன்றிருக்கும். அதிலிருந்து இவ்வெண்ணெய் சாடியிலுள்ள உணவுக்குள் ஏறுவதை ஐரோப்பாவிலே கண்டறிந்தனர். எண்ணெய் மிகுந்த உணவுகள் சிலவற்றில் அது சட்டம் வகுத்த அளவையும் மீறியிருந்தது. 2004ஆம் ஆண்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை அதனை ஆராய்ந்தது. உடல் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கதென்ற அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, சாடி உணவையே பெரிதும் உண்ணும் குழந்தைகள் அவ்வளவைத் தாண்டக்கூடுமென்று தெரிந்தது. அதன்பின், பொதுவான உணவுக்குக் கிலோகிராமுக்கு 60 மில்லிகிராம் என்றிருந்த எல்லையைக் குழந்தையுணவுச் சாடிகளுக்கு 30 ஆகக் குறைத்தனர். தாலேற்றுக்குக் கேட்ட அதே கேள்வியைத் தாவர எண்ணெயிடமும் கேட்டனர். கேட்டதனால் விடை கிடைத்தது.

குருதிப் பையின் கதை இன்னும் சிக்கலானது. டி.ஈ.எச்.பி. குருதியில் இறங்குவது தீமை என்றோம். ஆனால் இறங்கியது செங்குருதிக் கலங்களின் மென்சவ்விலே புகுந்து அவை உடையாமற் காக்கின்றது என்பதும் உண்மை. அதனை நீக்கினால், பையிலுள்ள குருதி நெடுநாள் தாங்குவது கடினம். சித்திரிக்கமிலத்திலிருந்து ஆக்கிய மாற்று இளக்கியொன்று 1990களிலிருந்து சில குருதிப் பைகளிலே பயன்படுகின்றது. எனினும் பழையதை ஒரே நாளில் எறிந்துவிட முடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் மருத்துவக் கருவிகளிலே அதற்கு விதித்த இறுதித் தவணையை 2030ஆம் ஆண்டு யூலை 1ஆந் திகதி வரை நீட்டியிருப்பதன் காரணம் இதுவே. நஞ்சும் மருந்தும் ஒரே துளியில் இருக்கும்போது சட்டமும் தயங்குகின்றது.

இன்னொன்றும் உண்டு. 'தாலேற்று இல்லை' என்ற முத்திரையைக் கண்டதும் உள்ளே தாவர எண்ணெய் இருப்பதாக எண்ணிவிடலாகாது. இன்று தாலேற்றின் இடத்தைப் பிடித்துள்ள மாற்றுகளிற் பெரும்பாலானவை பெற்றோலியத்திற் பிறந்தவையே. மேலும், தாவர எண்ணெய் வானத்திலிருந்து வருவதன்று, நிலத்திலிருந்து வருவது. சோயாவுக்காகவும் முள்ளுத்தேங்காய்க்காகவும் பிரேசிலிலும் இந்தோனேசியாவிலும் அழிந்த காடுகளை உலகம் அறியும். உண்ணும் எண்ணெயைப் பிளாஸ்டிக்குக்கு ஊற்றுவது முறையா என்ற வினாவும் எழத்தான் செய்யும்.

இவ்வினாவின் மறுபக்கத்தைத் தைவான் கண்டது. பானங்களைப் பார்வைக்குக் கலங்கலாகவும் செறிவாகவும் காட்டுவதற்கு முள்ளுத்தேங்காயெண்ணெய் சேர்ந்த கலவையொன்றைச் சேர்ப்பது அங்குள்ள வழக்கம். அவ்வெண்ணெய்க்குப் பதிலாக, விலை குறைந்ததென்று, பிளாஸ்டிக்குக்குரிய டி.ஈ.எச்.பி.யையே சிலர் கலந்து விற்றுவந்தமை 2011ஆம் ஆண்டு மே மாதத்திலே வெளியாயிற்று. பழரசம், விளையாட்டு வீரர் பருகும் பானம், பழப்பாகு எனப் பலவும் கடைகளிலிருந்து மீட்கப்பட்டன. ஒருபுறம் தாலேற்றை நீக்கிப் பிளாஸ்டிக்கிலே தாவர எண்ணெயைச் சேர்க்க அறிஞர் பாடுபடுகின்றனர். மறுபுறம் தாவர எண்ணெயை நீக்கி உணவிலே தாலேற்றைச் சேர்க்க வணிகர் துணிந்தனர். கற்பூர மரங்களின் தீவிலே இது நடந்தது என்பது வரலாற்றின் கசப்பான நகை.

நமக்குள்ள பங்கு

இத்துறையில் எமது நாட்டுக்குப் பங்கு இல்லையென எண்ணவேண்டுவதில்லை. தாவர எண்ணெய்கள் சிலவற்றை எப்பொட்சியாக்கும் முறையை ஆராய்ந்த கட்டுரையொன்று 2009ஆம் ஆண்டிலே இலங்கைத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஆய்விதழில் வெளிவந்துள்ளது. அண்டை நாடான இந்தியாவின் இறப்பர் ஆராய்ச்சியாளர், இறப்பர் விதையின் எண்ணெயை இவ்வாறு மாற்றிப் பி.வி.சி.க்குத் துணை இளக்கியாகவும் நிலைநிறுத்தியாகவும் பயன்படுத்தலாமென 2004இலே காட்டினர். அவ்வெண்ணெயின் அயடீன் பெறுமானம் சோயா எண்ணெயினதை ஒத்தது. கேகாலையிலும் களுத்துறையிலும் இறப்பர்த் தோட்டங்கள் உள்ளன. பருவந்தோறும் அங்கே விதை வெடித்துச் சிதறுகின்றது. அவ்விதை மக்களின் அன்றாட உணவன்று; அதற்கெனக் காடு வெட்டவும் வேண்டாம். ஆசிரியர்களும் மாணவர்களும் சிந்திப்பதற்குரிய செய்தி இது.

முடிவாக ஒன்று. இக்கட்டுரையை எழுதப் புகுந்தபோது, வெடித்த அந்த மேசை விரிப்பைப் புரட்டிப் பார்த்தேன். அதன் உறையையும் தேடி எடுத்தேன். நீளமும் அகலமும் அச்சிடப்பட்டிருந்தன. துடைத்துப் பயன்படுத்தும் முறை எழுதப்பட்டிருந்தது. மென்மைக்கு உறுதியும் கூறப்பட்டிருந்தது. அந்த மென்மையைத் தந்த எண்ணெய் எது, அஃது எந்தச் செடியிலிருந்து அல்லது எந்தத் தாரிலிருந்து வந்தது, எவ்வளவு சேர்க்கப்பட்டது என்பதுபற்றி ஒரு சொல்லும் இல்லை. பத்து ஆண்டுகளாக அந்த விரிப்பின்மேல் நாங்கள் உணவுண்டோம். பிள்ளைகள் அதன்மேல் கைவைத்துப் பாடம் எழுதினர். மாவுக்கும் மருந்துக்கும் உள்ளிருப்பதை எழுதவேண்டுமென்று கேட்கப் பழகிக்கொண்ட நாம், குழந்தை கடிக்கும் பொம்மைக்கும் சோறு வைக்கும் விரிப்புக்கும் அதனையே கேட்டல் வேண்டும். கேட்காதவரை, எந்த இளக்கி வந்தது, எது போயிற்று என்பதை நாம் அறியப்போவதில்லை.